பக்கத்துக் கட்டிலின் குளிசை

நர்ஸ் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம், ஒரு நோயாளியின் பிரஷர் குளிசையைப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டேன்.

மாத்தளை மாவட்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது. எனக்கு முதல் நியமனம். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஆறு கட்டில்வரை கேட்டேன். ஏழாவதில் கேட்கவில்லை. அங்கே இருந்தவர் வில்கமுவவிலிருந்து வந்த சிங்கள விவசாயப் பெண். காலில் மண்வெட்டி பட்ட புண் ஆறி, அன்று மத்தியானம் வீட்டுக்குப் போக இருந்தார். ஐந்து நாள் பழகிய முகம்தானே என்று குளிசையை நீட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே விழுங்கினார். அட்டையில் கையெழுத்து வைக்கும்போதுதான் தெரிந்தது.

யாரும் பார்க்கவில்லை. ஒரு குளிசைதானே, ஒன்றும் ஆகாது என்று மனசு சொன்னது. எங்கள் தோட்டத்திலிருந்து நர்ஸாக வந்த முதல் பெண் நான். வேலை போனால் தோட்டத்து லயன் வீடுகளுக்கு நடுவே அம்மா எப்படி நடமாடுவாள் என்றும் நினைத்தேன். ஆனால் ஏழாவது கட்டில் அம்மாவைத் திரும்பிப் பார்த்ததும் கால் தானாக டாக்டரின் அறைக்குப் போனது.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

"டாக்டர், நான் மருந்த மாத்திக் குடுத்துட்டேங்க."

"எத்தினை மணிக்கு?"

"இப்பதாங்க. பத்து நிமிஷம் இருக்கும்."

அவர் எழுந்தேவிட்டார். "வாரும். முதல்ல பிரஷரைப் பாப்பம். பிறகு அவவுக்கு நீர்தான் சொல்லவேணும். நான் பக்கத்தில நிப்பன்."

பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. படுத்தே இருக்க வேண்டும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்க வேண்டும், அன்று வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார் டாக்டர். நான் சிங்களத்தில் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. மறுநாள் அவர் வயலில் அறுவடை. வெட்டும் மெஷின் வருவதாக இருந்தது.

"எனக்கு ஏதும் ஆயிருமா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் இங்கயேதான் இருப்பேன்" என்றேன்.

முதல் மூன்று தடவை கையை நீட்டினாரே தவிரப் பேசவில்லை. நாலாவது தடவை நான் அவசரப்பட்டதில் பிரஷர் பட்டி நழுவியது. அவரே மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாச் செய், துவ."

துவ என்றால் மகள். அதற்குப் பிறகு நான் வருவதைக் கண்டாலே சட்டைக் கையை மடித்து வைத்துக்கொள்வார்.

மத்தியானம் பிரஷர் சரியானது. அவர் போனில் சார்ஜ் இல்லாததால் என்னுடையதைக் கொடுத்தேன். மெஷினை எந்த வயல் வரம்பால் இறக்குவது, சாக்குகள் எங்கே இருக்கின்றன என்று புருஷனுக்கு அவர் போட்ட சத்தத்தில் பாதி வார்டு சிரித்தது.

அடுத்த நாள் எனக்கு லீவு. ஆனாலும் போய் அவரை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலால் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். "போய்த் தூங்கு, கண்ணு வீங்கியிருக்கு" என்றார்.

நடந்ததை எழுதிக் கொடுத்தேன். விசாரித்தார்கள், வேலை போகவில்லை. ஒரு மாதம் மருந்து கொடுக்கும்போது இன்னொரு நர்ஸ் கூடவே வந்தார். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

இப்போது நான் மாத்தளை டவுனில் வேலை செய்கிறேன். புதிதாக வரும் நர்ஸ்மார் மேலே என்ன படிக்கலாம், வெளிநாடு போகலாமா என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். கூடவே இதையும் சொல்லிவிடுவேன். சொல்லும்போது இன்னும் முகம் சூடாகிறது.