மச்சினன் படத்துக்கு ஒன்றரை

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு ‘ரெண்டே முக்கால்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும் சினிமா பக்கத்தில், இத்தனை வருஷமாக எந்தப் படத்துக்கும் அவர் மூன்று போட்டதில்லை. மூன்று போட்டால் எடுத்தவனுக்குத் தலைக்கனம் வந்துவிடும், இரண்டரை போட்டால் மனசு ஒடிந்துவிடும், ஆகவே நல்ல படம் என்றால் ரெண்டே முக்கால். தராசில் கால் பங்கை எப்போதும் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்கிற கடைக்காரர் மாதிரி. அதை அவர் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எழுத்தில் சூரர். அதை மறுக்க முடியாது. அந்த வாரம் ஐந்து படங்கள் வந்திருந்தன. பேய்ப் படத்துக்கு, ‘பேய் வந்ததும் அரங்கை விட்டு முதலில் எழுந்து போனது பயம்தான்’ என்று எழுதினார். போலீஸ் படத்தின் நாயகன் நாற்பது பேரை அடித்தும் சட்டை கசங்கவில்லை. ‘விருது கொடுப்பதென்றால் இஸ்திரி போட்டவருக்குக் கொடுங்கள்’ என்றார். விண்வெளிப் படத்தில் எல்லோரும் வேறு கிரகத்துக்குப் போய்விட்டார்கள், கதை மட்டும் டிக்கெட் கிடைக்காமல் பூமியிலேயே நின்றுவிட்டதாம். காதல் படத்துக்குத்தான் கொஞ்சம் இரங்கினார். ‘இருவரும் முதல் காட்சியிலேயே மனம்விட்டுப் பேசியிருந்தால் நாமெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கலாம்; ஆனால் அந்தப் பெண் பேசாமல் நிற்கிற அழகுக்காக உட்காரலாம்’ என்று எழுதி ரெண்டே முக்கால் போட்டார்.

ஐந்தாவது படம் அவருடைய மச்சினன் எடுத்தது. மனைவியின் தம்பி. அவனுடைய முதல் படம்.

பக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியைதான் பேச்சை எடுத்தார். “சார், அஞ்சாவது படம் உங்க மச்சினனோடதாமே? இந்தத் தடவ நாலு போட்டுருவீங்களா?”

சுற்றியிருந்த மேஜைகளில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது.

“சும்மா கேலிக்குச் சொன்னேன் சார். சங்கடமா இருந்தா சொல்லுங்க, விளையாட்டுப் பக்கத்துக்காரர எழுதச் சொல்லிடறேன்” என்றார் ஆசிரியை. நல்ல மனுஷி, வழி காட்டினார். அந்த வழியில் போயிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. நம் ஆளுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததே!

“என் பேனாவுக்கு சொந்தபந்தம் கிடையாது மேடம்.”

பேனாவுக்குக் கிடையாதுதான். பிடித்திருந்த கைக்கு இருந்தது.

காலைக் காட்சிக்குப் போனார். அரங்கில் பாதிக்கு மேல் காலி. படம் ஒரு சின்ன வீட்டைப் பற்றியது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவன் விபத்தில் இறந்துவிட்டான் என்று வாசலில் வந்து ஒருவர் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வருகிறாள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சொன்னால் சாப்பிட மாட்டார்கள். அவள் தட்டை எடுத்து வைக்கிறாள், பரிமாறுகிறாள், எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பையன் இன்னும் கொஞ்சம் கேட்கிறான், போடுகிறாள். சின்னவன் மிச்சம் வைக்கப் பார்க்கிறான், தட்டைக் காட்டிச் சாப்பிடு என்கிறாள். அவர்கள் கை கழுவிவிட்டு வரும் வரைக்கும் கேமரா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பின்னணி இசை கூட இல்லை. அதற்கப்புறம்தான் பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிடுகிறாள்.

இந்தக் கதை அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மனைவி சொன்னது. அவளுடைய அப்பா இறந்த நாளில் நடந்தது. படத்தில் அக்காவுக்குப் பதிலாக அண்ணன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் தெரிந்த கதை என்று எத்தனையோ படங்களில் கொட்டாவி விட்ட மனிதர், இங்கே தேம்பித் தேம்பி அழுதார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அழுதார்.

அழுது முடித்ததும் உள்ளே இருந்த விமர்சகன் விழித்துக்கொண்டான். ‘நீ அழறது படத்துக்கா, மாமியாருக்கா?’ என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு இருக்கை தள்ளி, மடியில் பார்சல் பையோடு ஒரு டெலிவரிக்காரர், வேலைக்கு நடுவே ஒதுங்கியவர் போல, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மாமியாரைத் தெரியாது. நம் ஆள் அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவரால் சொல்லிக்கொள்ள முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் கை தானாக ‘நான்கு’ என்று அடித்தது. திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மூன்றாக்கினார். யாருக்குமே மூன்று போடாதவர் மச்சினனுக்கு மட்டும் போட்டாரே என்பார்கள். ரெண்டே முக்கால் ஆக்கினார். அப்போதும் பாசம் என்பார்கள். இப்படியே படி இறங்கி இறங்கி ஒன்றரையில் வந்து நின்றார். ஒன்றரை போட்டால் காரணம் சொல்ல வேண்டுமே. தேர்ந்த விமர்சகனுக்குப் படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியும். அங்கேதான் கத்தியை வைத்தார்.

‘அம்மா பரிமாறுகிறார், பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், பார்க்கிற நாம் மட்டும் பட்டினி. இவ்வளவு நீளமான சாப்பாட்டுக் காட்சியை எடுத்தவர் கடிகாரம் கட்டியிருக்கவில்லை போலும்.’

ஞாயிற்றுக்கிழமை அந்த வரி எல்லோர் கைப்பேசியிலும் சுற்றியது. அலுவலகத்தில் கை குலுக்கினார்கள். “சொந்த மச்சினனையே விட்டு வைக்கலயே சார், நீங்கதான் மனுஷன்!” என்றார் விளையாட்டுப் பக்கத்துக்காரர். ஆசிரியை வந்து, அன்றைக்குக் கேலி செய்ததற்கு மன்னிப்பு வேறு கேட்டுவிட்டுப் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவர் எழுந்து போய், குலுக்கிய கையைக் கழுவிவிட்டு வந்தார்.

மனைவி சத்தம் போடவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே ஒரே ஒரு தரம் பேசினாள்.

“நீளம்னு எழுதியிருக்கீங்க.”

“அது வந்து... சினிமாவுக்குன்னு ஒரு அளவு...”

“அன்னிக்கு அது எவ்வளவு நீளமா இருந்திருக்கும்னு எங்கம்மாவுக்குத் தெரியும். கேட்டுட்டு எழுதியிருக்கலாம்.”

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் சட்டை மட்டும் மடிக்காமல் கிடந்தது.

மச்சினனாவது சண்டைக்கு வருவான் என்று பார்த்தார். வந்து நாலு வார்த்தை திட்டினால் பாரம் இறங்கும். அவனோ போன் பண்ணி, “ரொம்ப நன்றி மாமா, கண்ணத் திறந்து விட்டீங்க” என்றான். கிண்டல் செய்கிறானா என்று குரலைக் கூர்ந்து கேட்டார். கிண்டல் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் படத்துக்குப் போகிற பிள்ளை அவன். சினிமா எடுக்க வந்ததே அதனால்தான் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தவன். “ம்... சரி தம்பி” என்று போனை வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு விருந்தாளி நன்றி சொல்லிவிட்டுப் போன கதை.

அதற்கு மேல் தாங்கவில்லை. ஆசிரியையிடம் போய், அந்தப் படத்தைப் பற்றி இன்னொரு தடவை எழுத வேண்டும் என்றார்.

“என்ன சார், எதையாவது தப்பா எழுதிட்டீங்களா?”

“எல்லாத்தையும்.”

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆசிரியை மேற்கொண்டு கேட்கவில்லை. இடம் ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். எழுதுவதற்கு முன் இன்னொரு முறை பார்த்துவிடலாம், அதுவும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தார். மாமியார் அதுவரை படம் பார்த்திருக்கவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வெளியே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “உன்னப் பத்தியும் அதுல கொஞ்சம் இருக்கும்மா” என்று மகன் சொன்னதிலிருந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்.

இரண்டாவது வாரம். ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் மாமியார், அவருக்கு அப்பால் மச்சினன். விளக்கு அணைந்ததும் மனத்துக்குள் முதல் வரியை எழுத ஆரம்பித்துவிட்டார். ‘சென்ற வாரம் நான் பொய் சொன்னேன்.’ வருஷக்கணக்கில் எழுதியதிலேயே இதுதான் நல்ல வரி என்று தோன்றியது. மனசு லேசாகிக்கூட விட்டது.

வாசலில் ஆள் வந்தார். சொன்னார். போனார். அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்து இறுதி ஊர்வலம்.

அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. மச்சினன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து அவர் பக்கம் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அந்த இடத்த வெட்டிட்டேன் மாமா. எனக்கு அது அம்மா, அதனாலதான் நீளம் தெரியல. நீங்க வெளியாளா இருந்து சொன்னீங்க. இப்ப படம் எப்படி ஓடுது பாருங்க!”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது மாமியார் அவர் காதருகே குனிந்தார்.

“மாப்பிள்ளை, புள்ளைங்க சாப்பிட்டாங்களா?”

மாமியார் அவர் கையைத் தொட்டார்.

“அவ வீட்டுக்குள்ள வந்தா, அது பாத்தேன். அப்புறம் பாத்தா எல்லாரும் அழுதுட்டு நிக்கறாங்க. நடுவுல என்னமோ விட்டுட்டேன்.” மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்தக் கண்ணு இன்னும் சரியாகல போலிருக்கு.”

மச்சினன் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, படத்தப் பாரு” என்றான்.

“உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு அத்தை” என்றார் அவர். ரகசியம் பேசுகிற குரல் அவருக்கு வரவில்லை. “புள்ளைங்க வயிறு நிறையச் சாப்பிட்டாங்க. நான் பாத்தேன். பாத்து அழுதேன். அழுதுட்டுப் போயி, நல்லால்லன்னு எழுதினேன்.”

மச்சினனின் சிரிப்பு அப்படியே நின்றது. பின் வரிசையிலிருந்து யாரோ, “சார், கொஞ்சம் படம் பாக்க விடுங்க” என்றார்கள்.