ஜன்னலோர சீட்டு வேண்டாம்

விசிலம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வராமல் என்ன செய்யும்? காலையிலிருந்து நெரிசலான பேருந்தில் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று தொண்டை கிழியக் கத்தி, சில்லறைக்கு மல்லுக்கட்டி, படியில் தொங்குகிறவர்களை அதட்டி, விசில் ஊதி ஊதியே பிழைக்கிற கண்டக்டர் அவள். டிப்போவில் எல்லோருக்கும் அவள் விசிலம்மாதான்.

ஆனால் அன்றைக்கு வந்தது வயிறெரிந்து வந்த கோபம். வெளிநாட்டில் இருக்கும் சித்தியைப் பார்க்க அம்மாவை முதன்முதலாக விமானத்தில் கூட்டிப் போகிறாள். அலையக் கூடாது, ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்கு மேல் போகக் கூடாது, மத்தியானம் அம்மா தூங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டிருந்தாள். அம்மா மேகத்தைப் பார்க்கட்டுமே என்று கூடுதலாகக் கொடுத்து ஜன்னலோர சீட்டும் பிடித்துவிட்டாள். அதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“ஜன்னல் வேண்டாம்டி. நடக்கிற வழிப் பக்கமா மாத்திடு.”

“ஏம்மா? மேகம் பாக்கலாமேன்னு ஆசையா வாங்கினேன்.”

“மேகத்தைப் பாத்து நான் என்ன பண்ணப் போறேன்? மாத்துன்னா மாத்து.”

நல்லது செய்யப் போனால் இந்தப் பேச்சு! விசிலம்மா கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

அம்மா விஷயத்தில் குடும்பமே சலித்துப் போயிருந்தது. தூரப் பயணம் என்றால் கடைசி நேரத்தில் கையை விரிப்பாள். கூடப்பிறந்த தங்கையின் கல்யாணத்துக்கே போகவில்லை. பெட்டியும் கையுமாகப் பஸ் நிலையம் வரை போனவள், ராத்திரி முழுக்க ஓடும் பஸ் என்று தெரிந்ததும் தலைவலி என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அன்று விழுந்த பெயர்தான் கல்நெஞ்சக்காரி. வாய்விட்டுச் சிரிக்க மாட்டாள் என்பதால் உம்மணாமூஞ்சி என்ற பெயர் அதற்கும் முன்பே இருந்தது. இரண்டையும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் சுமந்துகொண்டு இருந்தாள் மகராசி.

போன மாதம் சித்தி போனில் பொரிந்து தள்ளிவிட்டாள். “உங்கம்மா கிட்ட சொல்லிடு. இந்தத் தடவையும் சாக்குச் சொன்னான்னா அவ எனக்கு அக்காவும் இல்ல, நான் அவளுக்குத் தங்கச்சியும் இல்ல.” சொன்னதைச் செய்கிறவள் சித்தி. கூடப்பிறந்த ஒரே உறவும் அறுந்து போனால் அம்மாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கிளம்பும் நாள் நெருங்க நெருங்க அம்மா இளைத்துக்கொண்டே வந்தாள். முழங்கால் வலி என்றாள், பூட்டிய வீட்டில் திருடன் வருவான் என்றாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளர் தண்ணீர் வைத்தபடியே இருக்கும். விசிலம்மா அதை எடுத்துத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போவாளே தவிர, ஏன் மிச்சம் என்று ஒரு நாளாவது யோசித்தாளா? இல்லை.

‘உட்கார்ந்து பழகினால் பயம் தெளிந்துவிடும்’ என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுடைய பேருந்து பக்கத்து நகரத்துக்குப் போய்த் திரும்ப அரை நாள் ஆகும். ஒத்திகை பார்க்கலாம் என்று அம்மாவை ஏற்றி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார வைத்தாள்.

“அம்மா, வசதியா இருக்கா?” என்று டிரைவர் கண்ணாடி வழியே விசாரித்தார்.

“இருக்குப்பா” என்றாள் அம்மா. உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

ஊரைத் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. பெரிய பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றது. முன்னால் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நிற்கிறதாம். வெயில் மண்டையைப் பிளந்தது. இன்ஜினை அணைத்ததும் பேருந்துக்குள் மூச்சு முட்டியது. குழந்தைகள் அழ, பெரியவர்கள் கண்டக்டரைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவள் என்னமோ லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்த மாதிரி!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தபோது அம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இறக்கி விடுடி.”

“இது பாலம்மா. இங்க யாரையும் இறக்க முடியாது. கொஞ்சம் பொறு.”

“கை எடுத்துக் கும்பிடறேன், இறக்கி விட்டுடு. நான் நடந்தே போறேன்.”

“எல்லாரும் பாக்கறாங்க. சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதம்மா!”

சுள்ளென்றுதான் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, அம்மாவின் பிடி தளர்ந்தது. கண் செருகி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். யாரோ தண்ணீர் தெளித்தார்கள், எழவில்லை. “அண்ணே!” என்று விசிலம்மா போட்ட சத்தத்தில் பேருந்தே அடங்கிவிட்டது. விசிலை வாயில் வைத்தாள், ஊத மூச்சு வரவில்லை. டிரைவர் குதித்து இறங்கி, முன்னால் நின்ற கார்க்காரர்களைக் கையைக் காட்டி ஒதுங்க வைத்து, லாரிக்கு ஓரமாகக் கிடைத்த இடைவெளியில் வண்டியை இஞ்ச் இஞ்சாக நகர்த்தினார். பாலத்தை விட்டு இறங்கிய இடத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்ததுதான் அவர்கள் செய்த புண்ணியம்.

“உடம்புல சொட்டுத் தண்ணி இல்ல” என்றார் டாக்டரம்மா. குளுக்கோஸ் ஏற்றினார்கள். விசிலம்மா அம்மாவின் காலைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உயிர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது அவளுக்கு.

அம்மா கண் திறந்தாள். கையில் குத்தியிருந்த ஊசியையும் மேலே தொங்கிய பாட்டிலையும் பார்த்தாள். அவ்வளவுதான், துடித்துப் போய் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள்.

“வேண்டாம், நிறுத்தச் சொல்லு! ஏத்தாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

நர்ஸ் ஓடி வந்து கையைப் பிடித்தாள். “பாட்டிம்மா, இது மருந்துதான். ஏன் பயப்படறீங்க?”

“கட்டில் நனைஞ்சிடும்” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விசிலம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “நீ பொறந்ததுலேர்ந்து என்னால அடக்க முடியறதில்லடி. தும்மினா வந்துடும், சிரிச்சா வந்துடும். இதை யார் கிட்ட சொல்றது? உங்கப்பா கிட்டயே சொன்னதில்ல. எங்கயாவது போகணும்னா முந்தின நாளே தண்ணியை நிறுத்திடுவேன். ஏரோப்ளேன்ல ஒரு பகல் பூரா உக்காரணுமே, உடம்பைப் பழக்கிக்கலாம்னு பாத்தேன். ஜன்னல் பக்கம்னா ஒவ்வொரு தடவையும் ஆளைத் தாண்டிப் போகணும்.”

தங்கை கல்யாணம், பஸ் நிலையம், தலைவலி எல்லாம் விசிலம்மாவின் கண் முன்னால் வந்து நின்றன. கல்நெஞ்சக்காரி என்று அவளும்தானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அம்மாவின் பாதத்தில் தலையை வைத்து ஓவென்று அழுதாள்.

டாக்டரம்மாவும் விடவில்லை, இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். “பிரசவத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்கு வர்றதுதாம்மா இது. பயிற்சி இருக்கு, மாத்திரை இருக்கு. அப்பவே வந்திருந்தா இத்தனை வருஷம் இப்படித் தவிச்சிருக்க வேண்டாம். தண்ணியை நிறுத்தினா இன்னும்தான் கெட்டுப் போகும்.” பிறகு விசிலம்மாவின் வெடித்த உதட்டைப் பார்த்தார். “நீங்க ஒழுங்கா தண்ணி குடிக்கிறீங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. வேலை நேரத்தில் அவளும் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதில்லை. வழியில் எந்த நிறுத்தத்தில் ஒரு பெண் போக இடம் இருக்கிறது? “இனிமே குடிக்கிறேன் டாக்டர்” என்று முனகினாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டாள். கடைசி வரிசைக்கு மாற்றச் சொன்னாள். “மேடம், அது டாய்லெட்டுக்கு ஒட்டின சீட்டு. யாரும் கேக்க மாட்டாங்களே” என்று இழுத்தான் அங்கிருந்தவன். “அதுதான் வேணும் தம்பி” என்றாள் விசிலம்மா, படியில் தொங்குகிறவர்களை அதட்டும் அதே குரலில்.

சாயங்காலம் அம்மாவே போனைக் கேட்டு வாங்கினாள். தங்கையிடம் பேச அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. விசிலம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன, வரலன்னு சொல்லத்தானே கூப்பிட்ட?” என்றாள் சித்தி எடுத்த எடுப்பில்.

“இல்லடி. உன் கல்யாணத்துக்கு ஏன் வரலன்னு சொல்லக் கூப்பிட்டேன்.”

அம்மா திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“அடிப் பாவி!” சித்தியின் குரல் உடைந்து வந்தது. “இதுக்கா? இதுக்காகவா வராம இருந்த? மணவறையில உக்காந்து வாசலையே பாத்துட்டிருந்தேன்டி! இத்தனை வருஷமா உன்னைத் திட்டித் தீர்த்திருக்கேனே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” விசும்பினாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடியும் திட்டினாள். அப்புறம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். “நீ வா, வந்து சேரு. எங்க வீட்ல மூணு பாத்ரூம் இருக்கு. ஒண்ணை உன் பேர்ல எழுதியே வச்சிடறேன்.”

அம்மாவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து விசிலம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அழவில்லை. அம்மா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், வீடு அதிரச் சிரித்தாள். இப்படி ஒரு சிரிப்பு அவளுக்குள் இருப்பது பெற்ற மகளுக்கே தெரியாது. சிரித்துக்கொண்டே போனை மகள் மடியில் போட்டுவிட்டு, புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“என்னடி ஆச்சு? எங்க போனா அவ?” என்று பதறினாள் சித்தி.

விசிலம்மா பழக்கதோஷத்தில் ஏதோ சொல்லி மழுப்பப் போனாள். அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“பாத்ரூமுக்குப் போயிருக்கேன்னு சொல்லுடி!”