ஒரு சாண் உயரம்

போன வாரம் வேலூர் பாகாயத்தில் எங்கள் தெருமுனைக்கு ஒரு மருத்துவப் பேருந்து வந்தது. சர்க்கரை பார்க்கிறார்களாம். முட்டி தேய்ந்தவள் நான், படியைப் பார்த்துத் தயங்கி நின்றேன். டிரைவர் தம்பி ஏதோ பொத்தானை அழுத்தினான். உஸ்ஸென்று காற்றை விட்டபடி வண்டி அப்படியே தாழ்ந்தது.

"எவ்ளோப்பா எறங்கும்?"

"ஒரு சாண் இருக்கும்மா."

சிரமமில்லாமல் ஏறிவிட்டேன். ஊசி குத்தும் முன்பே அழுதும்விட்டேன். காலமெல்லாம் ஊருக்கு ஊசி குத்தியவள் ஊசிக்கு அழுகிறாள் என்று அந்த நர்ஸ் பெண் நினைத்திருப்பாள்.

ஸ்பிரிட் வாசனை வந்தால் எனக்குப் பச்சைத் தோல் நாற்றமும் கூடவே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வாய்த்தது ஒரு பழைய கேரவன். ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற தகர வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆம்பூரைச் சுற்றியுள்ள தோல்ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலை வாசல்களில் வாரம் ஒருநாள் நிறுத்துவோம். நான் ரத்தம் பார்ப்பேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன். டாக்டர் வருவது அவர் இஷ்டம். ஜீப் ஓட்டுபவர் யூசுப் பாய்.

நிறுத்தியதும் பாய் நாலு மூலைக்கும் கட்டை வைத்து ஜாக்கி கொடுப்பார். நான் உள்ளே தரையில் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு, "முன்னாடி ஏத்துங்க பாய்... ஐயோ ஜாஸ்தி, இறக்குங்க" என்று அவர் உயிரை வாங்குவேன். தரை சாய்ந்திருந்தால் ரத்தம் சுற்றுகிற மெஷின் மேஜை மேலேயே நடக்க ஆரம்பித்துவிடும்.

"இன்னாமா, உள்ள கல்யாணமா பண்ணப் போறோம்?" என்பார் பாய்.

முதல் ஆளாக ஏறுபவள் கன்னியம்மா. சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறவள். சர்க்கரை; இடது குதிகாலில் ஆறாத புண். வேலூருக்கு ஆஸ்பத்திரி போனால் ஒருநாள் வேலை போச்சு, அதனால் எங்கள் வண்டிதான் அவளுக்குக் கதி. கட்டுப் போடும்போது வலி தெரியாமலிருக்க ஊர்வம்பு பேசுவாள். என்னை டாக்டரம்மா என்பாள். நான் திருத்தியதே இல்லை. அற்ப சந்தோஷம்தான்.

கேரவனின் கமான் பட்டைகள் நாளாவட்டத்தில் படுத்துவிட்டன. வண்டியைத் தாங்குகிற வில் அதுதானே! மேடு பள்ளத்தில் எல்லாம் பின்பக்கம் தரையில் உரசியது. ஆம்பூர் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

"ரெண்டு பட்டை சேத்தா போதும்" என்றார் பட்டறைக்காரர்.

"மூணா போடுங்க" என்றேன்.

"உசரம் ஜாஸ்தியாய்டும்மா" என்றார் பாய்.

"ஆகட்டுமே!" எனக்குத் தெரியாததா?

கேரவன் ஜம்மென்று நிமிர்ந்தது. அதோடு சேர்த்து அடித்திருந்த ஒற்றைப் படியும் கூடவே ஒரு சாண் மேலே போயிருந்தது. ரசமட்டத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தவள், படியைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் கன்னியம்மா வந்தாள். படியில் வலது காலை வைத்தாள். ஏற வேண்டுமானால் இடது குதிகாலை ஊன்றி உந்த வேண்டும். இரண்டு தடவை முயன்று, காலை இறக்கிக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இன்னா கன்னிம்மா, வரலியா?"

"புண்ணு கம்மியாய்டுச்சு டாக்டரம்மா. அடுத்த வாரம் வர்றேன்."

நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது, வெளியே வரிசை நின்றது. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒருநடை போய்ப் பார்த்திருக்கலாம், பாவி நான், போகவில்லை.

பாய்தான் தோல்ஷாப்புக்குள் போய் விசாரித்துவிட்டு வந்தார். "காலை எடுத்தாங்களாம்மா. அப்பவும் அழுகல் நிக்கலியாம். போய்ட்டாங்க."

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஜீப்பில் மிச்சம் கிடந்த ஜாக்கிக் கட்டை ஒன்றை எடுத்துவந்து படிக்குக் கீழே போட்டார். மிதித்து ஆட்டிப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கேரவன் பழைய இரும்புக்குப் போயிற்று. அந்தத் தோல்ஷாப் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பாயும் இல்லை. கடைசி நாட்களில் அந்தக் கட்டையின் நடுவில் லேசாகக் குழி விழுந்திருந்தது, அத்தனை பேர் மிதித்து ஏறியிருக்கிறார்கள். கன்னியம்மாவின் கால் மட்டும் அதில் ஒருநாளும் பட்டதில்லை.