தூம்பில் மாட்டிய கயிறு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதன்பிறகு எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் தங்கியதில்லை. ஏற்காட்டுக்கு வந்தது ஒரு லாட்ஜில் இரவுக் காவல் வேலைக்கு. ஒண்டிக்கடை முக்குக்குக் கீழே சரிவில் அறை கிடைத்தது. ஒரே மொட்டை மாடியின் அடியில் இரண்டு அறைகள். முன்னறையில் ஒரு தையல்காரர், பின்னறையில் நான். இருவரும் தனி ஆட்கள். இரண்டு மாதமாகியும் "மழை வருமுங்களா" என்பதற்கு மேல் பேசியதில்லை.

மாடியில் சேரும் மழைத் தண்ணீர், என் ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தூம்பு வழியாகக் கீழே ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் விழும். ஐப்பசி மழை மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். நான் தூங்கும் நேரமும் அதுதான். காலி டிரம்மில் அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்தால் தலைமாட்டில் தவில் அடிப்பதுபோல் இருக்கும். பகல் தூக்கம் கெட்டு, வேலையில் நாற்காலியிலேயே கண்ணசந்தேன். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"இன்னொருக்கா தூங்குனீங்கன்னா பையத் தூக்கிட்டு பஸ் ஏறிக்குங்க."

ஏறுவது எனக்குப் புதிதல்ல. அந்த மழையில் ஏறி எங்கே இறங்குவது என்றுதான் தெரியவில்லை.

முன்பு கட்டட வேலை செய்த இடத்தில் ஒன்று பார்த்திருக்கிறேன். தண்ணீர் விழும் இடத்தில் கயிறு தொங்கினால், அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும். தடித்த தேங்காய்நார்க் கயிற்றின் நுனியில் கம்பிக் கொக்கி கட்டித் தூம்பில் மாட்டினேன். மறுநுனியை டிரம்முக்குள் விட்டேன். அன்று மழை கொட்டியது. நான் தூங்கிவிட்டேன்.

கதவைத் தட்டும் சத்தத்தில் எழுந்தேன். தையல்காரர் கைத்தடியோடு, நனைந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, மழைக்கே தூக்கு மாட்டி வெச்சுட்டீங்களா?"

அவருக்கு ஒரு கால் ஊன்ற வராது. மிஷினை விட்டு எழுவதே பெரும்பாடு. அதனால் டிரம்மின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தைப்பார். அதிர்வு தணிந்தால் நிறையப் போகிறது என்று அர்த்தம். அப்போது எழுந்து வந்து, பாதியாகப் பிளந்த பைப் ஒன்றைத் தூம்புக்கு நேர் கீழே டிரம்மின் மேல் வைத்துத் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பிவிடுவார். அன்று சத்தமே இல்லை. டிரம் வழிந்து தண்ணீர் சரிவில் ஓடி அவர் அறைக்குள் போய், வெட்டித் தரையில் வைத்திருந்த பள்ளிச் சீருடைத் துணியெல்லாம் நனைந்திருந்தது.

"தெரியலீங்கண்ணா. தூங்காட்டி வேலை போயிருமுங்க" என்றேன்.

"ஊட்டுக்குள்ள தண்ணி வந்தா என்ற வேலையுந்தான் போயிரும். கொழாய்ல எப்பத் தண்ணி வருமுன்னு அந்தக் கொழாய்க்கே தெரியாது. எனக்கு டிரம்மு நெறையோணுமுங்க."

பிறகு அவரே, "நெறையற வரைக்கும் சத்தம் இருக்கட்டும். நெறஞ்சதும் பைப்பத் திருப்பிட்டுச் செவுத்துல தட்டறேன். அப்பறம் உங்க தூக்குக் கயித்த மாட்டிக்குங்க" என்றார்.

துணிகளைப் பிழிந்து அவர் அறைக் கொடியில் போட்டோம். நான் அந்த அறைக்குள் போனது அந்த ஒருமுறைதான்.

அதன்பின் மழை நாளெல்லாம் நடுச்சுவரில் தடியால் இரண்டு தட்டு. எழுந்து கம்பால் கயிற்றைத் தூம்பில் மாட்டி, மறுநுனியைப் பைப்பில் விட்டு, பதிலுக்கு இரண்டு தட்டு தட்டிப் படுப்பேன். வேலை தப்பியது. நாள் முழுக்க என்னைத் தேடி வந்த சத்தம் அது ஒன்றுதான்.

மார்கழியில் மழை விட்டது. கயிறு ஜன்னல் கம்பியில் காய்ந்து விறைத்தது. மதியங்களில் அந்தப் பக்கம் மிஷின் ஓடுவது மட்டும் லேசாகக் கேட்கும். ஒருநாள் சுவரில் தட்டலாமா என்று கையை வைத்தேன். தட்டினால் அவர் தடியை ஊன்றி எழுந்து வருவார். என்னவென்று கேட்பார். சொல்ல ஒன்றுமில்லை. கையை எடுத்துக்கொண்டேன். மிஷின் நிற்கும்வரை விழித்தே கிடந்தேன்.