மெதுவா வரச் சொன்னார்

உலகத்தில் உருப்படியான ஓட்டுநர்கள் இரண்டே பேர். ஒருவர் சூரியனின் தேரை ஓட்டுகிறவர், இன்னொருவர் சித்தி. அதிலும் தேர்க்காரர் பாடு சுலபம். ஏழு குதிரை, வழியில் ஒரு பள்ளம் கிடையாது, எதிரே லாரி வராது, ரிவர்ஸ் எடுக்கிற பேச்சே இல்லை. சித்தியின் பேக்கரி வேனிலோ வைப்பர் பாதி தூரம் போய் நின்று யோசிக்கும். அதை வைத்துக்கொண்டே அவள் கொண்டை ஊசி வளைவில் பின்பக்கமாக இறங்கிக் காட்டுவாள். அவள் ஹாரன் அடித்தால் மலை கொஞ்சம் நகர்ந்து உட்காரும் என்றுகூடப் பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டது அவளுடைய அக்காவின் கடைக்குட்டி. அந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை. அடுத்தவர் குரல் மட்டும் அச்சு அசலாக ஏறும்.

அன்று சித்தி கடை கடையாக ரொட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், அண்ணன் வீட்டில், அவளுடைய அப்பா விடியும்போதே உயிரை விட்டிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை.

“தனியா வர்றவ. மலையில மழையும் வெயிலும் மாத்தி மாத்தி அடிக்குது. சொன்னா வண்டியை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவா,” என்றார் அண்ணன். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் அக்கா மூக்கை உறிஞ்சாமல் பேசினாள்: “அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலடி. கிளம்பி வா.”

“என்னைத் தேடினாரா?”

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். “தேடாம இருப்பாரா?”

தேடாமல்தான் இருந்தார். மாப்பிள்ளை வேண்டாம், லைசென்ஸ் போதும் என்று சித்தி சொன்ன நாளிலிருந்து அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒவ்வொரு வருகைக்கும் அவள் கொண்டுவரும் ரொட்டியை மட்டும் சாப்பிட்டுவிடுவார், யாரும் பார்க்காதபோது.

சாவதற்குள் ஒரு வார்த்தை. திட்டினாலும் சரி. அதற்காகத்தான் சித்தி ஒற்றை ஆளாக வண்டியைத் திருப்பினாள்.

அடிவாரத்தில் கண் கூசும் வெயில். நாலு வளைவு ஏறுவதற்குள் ஆலங்கட்டி மழை தகரக் கூரையில் கடலை வறுத்தது. அடுத்த வளைவில் மறுபடி வெயில், ஒன்றுமே நடக்காத மாதிரி. பின்னால் காலித் தட்டுகள் வளைவுக்கு வளைவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து, கல்யாண வீட்டில் சண்டை வந்த மாதிரி சத்தம் போட்டன. “சும்மா இருங்கடா,” என்று அவற்றை அதட்டினாள்.

பாதி மலையில் மூடுபனி இறங்கியது. வண்டியை ஓரம் கட்டிப் போன் போட்டாள். “அக்கா, அவர் காதுல வை. பேச வேணாம், மூச்சுச் சத்தம் கேட்டாப் போதும்.”

அந்தப் பக்கம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நடு அறையில் அப்பாவுக்கு மாலை போட்டாகிவிட்டது. அக்கா கையிலிருந்த போனைக் கடைக்குட்டி பிடுங்கினாள். இருமினாள். கிழவரின் நெஞ்சுச் சளி அப்படியே அந்த இருமலில் இருந்தது.

“மெதுவா வா, அம்மாடி. நான் எங்க போயிடப் போறேன்?”

போன் அணைந்த பிறகும் சித்தி அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

வழக்கமாக அவள் பனிக்கு நிற்கிறவள் இல்லை. ஏதாவது ஒரு லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே மேலே போய்விடுவாள். அன்று டீக்கடையில் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

“தனியாவா வர்றீங்க?” என்றார் கடைக்காரர்.

“பின்னாடி நாப்பது தட்டு இருக்கே.”

“லாரி எல்லாம் போய்க்கிட்டுத்தான் இருக்கு அக்கா. வாலைப் பிடிச்சா நீங்களும் போயிடலாம்.”

“இல்லங்க. எங்கப்பா மெதுவா வரச் சொல்லியிருக்கார்.” கடைக்காரர் எதுவும் கேட்காதபோதே இன்னொரு தடவையும் சொன்னாள்: “அவரே போன்ல பேசினார்.”

பனி விலகும்வரை காத்திருந்து, அவர் சொன்னபடியே மெதுவாகப் போனாள்.

அண்ணன் ஊரில் மழை முந்திக்கொண்டது. தோண்டி வைத்த குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அண்ணன் வானத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். மழையில் சிக்னல் போய்விட்டிருந்தது. “எடுத்துடலாம்,” என்றார்.

சித்தி வந்து சேர்ந்தபோது வாசலில் வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அவற்றைப் பார்த்தாள். கேட்க ஒன்றும் பாக்கி இல்லை.

“எவ்வளவு நேரம்தான் வச்சிருக்கிறது?” என்றார் அண்ணன், ஈர வேட்டியைப் பிழிந்தபடி. “உனக்குப் போன் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சு போச்சு. எங்க போய் உக்காந்திருந்தே?”

“அவர்தான் மெதுவா வரச் சொன்னார்.”

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்தது.

சமையலறையில் கடைக்குட்டி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே கழுவியதையே திரும்பவும். சித்தி உள்ளே வந்து கதவில் சாய்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“இருமல் சுத்தம்டி. சளிகூட அப்படியே இருந்துச்சு.”

“எதுல மாட்டினேன் சித்தி?” என்று கேட்டது என் சொந்தக் குரல்தான். அது எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

“அம்மாடின்னியே, அதுல. எங்கப்பன் அவ்வளவு நல்லவன் இல்ல.”

“இப்பத்தான் தெரிஞ்சுதா?”

சித்தி என் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

“மலையிலயே தெரியும். தெரிஞ்சுதான் நின்னேன், அவர் சொன்னதாவே இருக்கட்டும்னு.”