பகலில் பறக்கும் அந்துப்பூச்சி

வாசகரே, நீங்களே சாட்சி. இன்று வெரிபீ செல்லும் ரயிலில் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட காற்பந்துச் சட்டையுடன் ஒருவர் என் எதிரே அமர்ந்தார். ஒன்பது வயதில் நான் அவமானப்பட்ட மேடை கண்முன் எழுந்தது.

தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டி அது. தரை மெழுகும் வடையும் மணந்த மண்டபத்தில், மேய்ச்சல் நிலத்து நச்சுக்களையை அழிக்க ஐரோப்பாவிலிருந்து எங்கள் விக்டோரியா மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட சின்னபார் அந்துப்பூச்சியைப் பற்றிப் பேசினேன். அதே சட்டை போட்டது போன்ற அதன் புழு, களையைத் தின்று நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்ளும். சிவப்புச் சிறகு முளைத்ததும் பறவைகளுக்கு அஞ்சாமல் பகலிலேயே பறக்கும் என்றேன்.

நடுவர் அங்கிள் மணியை அடித்தார். "பகலில பறந்தால் அது வண்ணத்துப்பூச்சி, தம்பி. பிழையாப் பாடமாக்கிப்போட்டு வந்திருக்கிறீர். போய் இரும்!"

மண்டபமே சிரித்தது. நான் சொன்னது சரியென்று அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சிரிப்பின் நஞ்சில் ஒரு துளியையும் நான் சிந்தவில்லை. இன்று மாலை விவாத மேடையில் அவர்தான் எதிரணித் தலைவர்.

அன்று காரில் அம்மா, "விடடா, அவர் பெரிய மனுசன்" என்றார். நான் உரத்துச் சொன்னேன்: "ஒரு நாள் அவருக்கு எதிரா மேடையேறுவன், அம்மா. அண்டைக்கு எந்த மணி அடிச்சாலும் நான் போய் இருக்க மாட்டன். சபை அவரைப் பார்த்துத்தான் சிரிக்கும்."