பாதி பவரில் வெந்த மீன்

என் அக்கா புருஷன் முப்பது வருஷமாக மிக்ஸி, ஓவன், ரைஸ் குக்கர் ரிப்பேர் பார்க்கிறவர். தெருவில் அவருக்கு 'டெஸ்டர்' என்று பேர். மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் அவருக்கு டெஸ்டர்தான் இருக்கும், கல்யாண போட்டோவில்கூட. ஊரில் பாதி வீட்டு ஓவனைக் கழற்றிப் பார்த்தவர், ஒரு முட்டையை அவித்துப் பார்த்ததில்லை. அதில் வெட்கமும் கிடையாது. "கார் மெக்கானிக் எல்லாரும் ரேஸா ஓட்டுறாங்க?" என்பார். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அந்த வாய் அடங்கியது அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன பிறகுதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சாப்பாடுதான் இறங்கவில்லை. இரண்டு வாய்க்கு மேல் தட்டைத் தள்ளிவிடுவாள். எண்ணெய் காய்கிற வாசனை வந்தாலே குமட்டல். முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்டாள். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "மூணு வாரம் பாக்குறேன். ஒரு கிலோவாவது ஏறணும். மீன், முட்டைன்னு ஏதாவது சத்தா உள்ள போகட்டும். இல்லேன்னா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் குடுக்கணும்."

அக்காவுக்கு ட்யூப் என்றால் கத்தியைவிடப் பயம். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண்மணிக்கு அதைப் போட்டதை மூன்று நாள் பார்த்துக்கொண்டு கிடந்தவள். வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது மட்டும் வேணாம்டி" என்றாள். அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. 

கூடப் பிறந்தவள் நீ சமைத்துப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நான் சமைத்ததைக் காக்காய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். என் வீட்டில் சமையல் என் வீட்டுக்காரர்தான். அவர் கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்தால், அடைபட்டுக் கிடந்த வாசனை அக்காவுக்கு ஆகவில்லை. அப்போதே செய்து அப்போதே கொடுக்க வேண்டும், எண்ணெயும் கூடாது. மாமா முன்னே வந்தார். "ஓவன் இருக்கு, குக்கர் இருக்கு. எல்லாம் என் கைக்குப் பழகின மெஷின். நான் பாத்துக்குறேன்."

முதல் நாள் முள்ளில்லாத மீன் துண்டாகப் பார்த்து வாங்கி வந்தார். உப்பு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு எல்லாம் மீன்காரம்மா சொன்னபடியே தடவி, மைக்ரோவேவில் வைத்து நான்கு நிமிஷம். இரண்டாவது நிமிஷமே உள்ளே பட்டாசு வெடித்தது. திறந்தால் கால்வாசி மீன் கதவில் அப்பியிருந்தது, மிச்சம் செருப்புத் தோல். இறால் அழிரப்பர் ஆனது. முட்டை வெடித்ததில் ஓவன் கதவே திறந்துகொண்டது. ரைஸ் குக்கரில் தட்டு வைத்து ஆவியில் வேகவிட்டுப் பார்த்தார். சுவிட்ச் தானாக விழுகிறவரை கை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. தண்ணீர் முழுக்க வற்றி அது விழுந்தபோது மீன் மாவாகியிருந்தது.

"மாமா, அக்காவுக்கு சாப்பாடு போடுறீங்களா, பழி வாங்குறீங்களா?"

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. டெஸ்ட் பண்ணிட்டேன்."

அவருடைய டெஸ்ட் எனக்குத் தெரியாதா! ஒரு தம்ளர் தண்ணீர், ஃபுல் பவர், ஒரு நிமிஷம். தண்ணீர் சூடானால் ஓவன் பாஸ். 'பவரைக் குறைச்சாலும் குறைய மாட்டேங்குது' என்று கடையில் யாராவது புகார் சொன்னால், "சூடாகுதுல்ல? அப்புறம் என்னம்மா?" என்று அனுப்பிவிடுவார்.

ஒரு வாரம் ஓடிவிட்டது. அக்கா பாலும் பழச்சாறுமாகக் கிடந்தாள். வீட்டு எடை மெஷினில் ஏற வேண்டியது இன்னும் நானூறு கிராம் இறங்கியிருந்தது. மாமா அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவரைத் திட்டலாம் என்றுதான் அன்றைக்குப் போயிருந்தேன். அவரை அப்படிப் பார்த்ததும் எனக்கும் பயம் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இன்னொரு துண்டு மீனை வைத்து ஓவனைத் தட்டிவிட்டார். அந்தச் சத்தம் கேட்டு அக்கா சுவரைப் பிடித்தபடி நடந்து வந்து கதவோரம் நின்றாள்.

"பத்து எண்ணிட்டு நிறுத்துங்க."

"எதுக்கு?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்களேன். இப்ப சும்மா பத்து எண்ணுங்க. மறுபடி போடுங்க."

"இப்படியா ஓட்டுவாங்க ஒரு மெஷினை?"

"பதினோரு வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன். இதுல பவர் குறையாதுங்க."

மாமாவின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த ஓவன், கடையில் கழித்துக் கட்டிய மூன்று ஓவன்களைப் பிரித்து அவரே கூட்டிச் சேர்த்தது. பவரைக் குறைக்கிற குமிழை அழகுக்கு முன்னால் வைத்தவர், அதற்குப் போகிற ஒயரை மாட்டவே இல்லை. யார் அதைத் திருகப் போகிறார்கள் என்று விட்டிருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. சூடாகுதுல்லன்னு கேட்டீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அன்றுதான் சிரித்தாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஓவனைத் தரையில் இறக்கி, முதுகைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

மாட்டி முடித்ததும் தம்ளர் தண்ணீரை அவர் தேடவில்லை. நேராக மீனையே வைத்தார். மேலே ஒரு தட்டை மூடி, பாதி பவர், ஐந்து நிமிஷம். கரண்டி பட்டதும் மீன் இதழ் இதழாகப் பிரிந்தது. அக்கா ஒரு வாய் வைத்தாள், இரண்டு, மூன்று. நான் எண்ணுவது தெரிந்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரைக் கிண்ணம் உள்ளே போனது.

"உப்பு கம்மி" என்றாள்.

குறை சொல்லத் தெம்பு வந்துவிட்டதே என்று எனக்கு உயிர் வந்தது.

அடுத்த இரண்டு வாரம் மாமா அடுப்படியே கதியென்று கிடந்தார். இறால் சுருண்டு வளையமாகிறதற்குள் நிறுத்த வேண்டும், முட்டையை உடைத்து அடித்துத்தான் வைக்க வேண்டும், குக்கர் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது, நாம்தான் மூடியைத் திறந்து மீனைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும்போதும், உலகத்தில் அவர்தான் முதலில் கண்டுபிடித்தவர் போல எனக்கு போன் வரும். கடையில் முன்பு புகார் சொன்னவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "ஓவனைக் கொண்டாங்கம்மா, தப்பு என் மேலதான்" என்றாராம். அதைக் கேட்டு நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்கு மூவருமாகப் போனோம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினாள். முப்பத்தெட்டு எண்ணூறு. டாக்டர் கேட்ட ஒரு கிலோவுக்கு இருநூறு கிராம் குறைவு. டாக்டர் சீட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். 

"ஏறுது. போதும். ட்யூப் வேண்டாம்" என்றார்.

"வேண்டாமா?" என்றார் மாமா.

"வேண்டாங்க."

"நிச்சயமா வேண்டாமா டாக்டர்?"

டாக்டரே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் மாமா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். அவரை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அக்கா அவர் தோளைத் தட்டினாள். "ஏங்க, மிச்சத்தை வீட்டுல போய் அழுங்க. எனக்குப் பசிக்குது."

மாமா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

"பசிக்குதுன்னேன்."

ஆபரேஷனுக்கு முன்னாலிருந்தே, மூன்று மாதமாக அவள் வாயில் வராத வார்த்தை. மாமா கண்ணைக்கூடத் துடைக்காமல் எழுந்து வாசலுக்கு ஓடி, போகிற டாக்ஸிக்கெல்லாம் கையைக் காட்டினார்.